கர்னல் த்ரெட்டை எப்படிப் பத்திரமா தூங்க வைக்கிறது?

லேப்டாப் மூடியைச் சாத்துறோம், பையில போடுறோம், மெட்ரோ ஏறுறோம். அரை மணி நேரம் கழிச்சுப் பையைத் திறந்தா சில நாள் மிஷின் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. ஃபேன் கத்துது, சார்ஜ் பாதி காலி. லினக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு இது பழகின கதை. உடனே பேட்டரியைத் திட்டுவோம், இல்ல மூடியில இருக்கிற சென்சாரைத் திட்டுவோம். ஆனா பல நேரம் ரெண்டும் ஒழுங்காதான் இருக்கும். மூடியைச் சாத்தினதும் கர்னல் எல்லாரையும் "தூங்குங்கப்பா"ன்னு சொல்லியிருக்கும். உள்ளே ஒரே ஒருத்தர் தூங்க மாட்டேன்னு உட்கார்ந்திருப்பார். அவருக்காக மொத்த மிஷினும் முழிச்சுக்கிட்டு இருந்திருக்கும்.

அந்த "தூங்குங்க"ன்னு சொல்ற வேலையைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம். லினக்ஸ்ல இதுக்குப் பேரு ஃப்ரீஸர். அதுலயும் குறிப்பா கர்னல் த்ரெட்களை எப்படி நிறுத்துறாங்கன்னு பார்க்கப் போறோம். ஏன்னா கஷ்டம் முழுக்க அங்கதான் இருக்கு.

முதல்ல, கர்னல் த்ரெட்னா யாரு?

டெர்மினல்ல 'பிஎஸ்' கமாண்ட் அடிச்சு எல்லா ப்ராசஸையும் பாருங்க. சில பேர்கள் சதுர அடைப்புக்குறிக்குள்ள இருக்கும். அவங்கதான் கர்னல் த்ரெட்கள். நம்ம க்ரோம், ஸ்பாட்டிஃபை மாதிரி இவங்களுக்குன்னு வெளியில ஒரு ப்ரோக்ராம் ஃபைல் கிடையாது. கர்னல் கோடுக்குள்ளேயே பிறந்து அங்கேயே ஓடுறவங்க. இவங்க எல்லாருக்கும் தாய் ஒருத்தர்தான்: 'கேத்ரெட்டி', ப்ராசஸ் நம்பர் 2.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்கு. மெமரி பத்தலைன்னா தேவையில்லாத பேஜ்களை வெளியேத்துறது 'கேஸ்வாப்டி'. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தோட ஜர்னலை டிஸ்க்ல எழுதுறது 'ஜேபிடி2'. சில்லறை வேலைகளை வரிசையா வாங்கி முடிச்சுக் கொடுக்கிறவங்க 'கேவொர்க்கர்'கள். நாம பார்க்காத நேரத்துல வீட்டைப் பெருக்கி, குப்பை எடுத்து, தண்ணி பிடிச்சு வைக்கிறவங்க இவங்கதான்.

இவங்களை ஏன் நிறுத்தணும்?

இங்க ரெண்டு வகைத் தூக்கத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். சஸ்பெண்ட்ல ரேமுக்கு மட்டும் கரண்ட் போய்க்கிட்டே இருக்கும், மத்ததெல்லாம் அணைஞ்சிடும். ஹைபர்னேட்ல ரேமுக்கும் கரண்ட் இல்ல. அதனால ரேம்ல இருக்கிறதை ஒரு இமேஜா மாத்தி டிஸ்க்ல எழுதிட்டு மிஷினை முழுசா அணைக்கணும். திரும்ப ஆன் பண்ணும்போது அந்த இமேஜை எடுத்து ரேம்ல போட்டு, விட்ட இடத்துல இருந்து தொடரணும்.

ஹைபர்னேட்டுக்குள்ள ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. இமேஜ் எடுத்தாச்சு. அதை டிஸ்க்ல எழுதணும்னா டிஸ்க் வேலை செய்யணும், கர்னல் ஓடணும். அதாவது போட்டோ எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் உயிரோட இருந்தாகணும். அந்த நேரத்துல ஒரு த்ரெட் சும்மா இருக்காம ஃபைல் சிஸ்டத்துல எதையாவது எழுதிட்டா?

ஒரு அரிசிக்கடையை நினைச்சுக்கோங்க. ராத்திரி பத்து மணிக்குக் கணக்கு நோட்டை போட்டோ எடுத்து வச்சாச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆள் குடோனுக்குப் போய் ரெண்டு மூட்டையை இடம் மாத்தி வச்சிட்டு, மூணு மூட்டையை அனுப்பியும் வச்சிட்டார். காலையில முதலாளி அந்த போட்டோவை நம்பி வியாபாரத்தை ஆரம்பிக்கிறார். நோட்டு சொல்றது ஒண்ணு, குடோன்ல இருக்கிறது ஒண்ணு. ரேம்தான் நோட்டு, டிஸ்க்தான் குடோன். காலியா இருக்குன்னு ரேம் நம்புற ப்ளாக்ல வேற யாரோட டேட்டாவோ உட்கார்ந்திருக்கும். ரேம் அதுக்கு மேலேயே எழுதும். ஃபைல் சிஸ்டம் அங்கேயே கெட்டுப்போகும். சார்ஜ் போறதாவது பரவாயில்ல, இங்க போறது நம்ம ஃபைல்கள். ஃப்ரீஸர் இருக்கிறதுக்கு முதல் காரணம் இதுதான்.

இன்னும் ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, இமேஜை முதல்ல ரேம்லயேதான் உருவாக்கணும், அதுக்குச் சுமாரா ரேம்ல பாதி காலியா இருக்கணும். ஒரு பக்கம் இடத்தைக் காலி பண்ணும்போது இன்னொரு பக்கம் அப்ளிகேஷன்கள் மெமரி கேட்டுக்கிட்டே இருந்தா அது முடியாது. இன்னொண்ணு, டிவைஸ்களை ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டு வரும்போது யாராவது நடுவுல வந்து அதே டிவைஸை எழுப்பக் கூடாது.

பிடிச்சு நிறுத்தினா என்ன?

ஷெட்யூலர்தானே எல்லா த்ரெட்டுக்கும் சிபியு நேரம் கொடுக்குது? கொடுக்கிறதை நிறுத்திட்டா போச்சு, இதுல என்ன பெரிய கஷ்டம்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான்.

கஷ்டம் லாக்ல இருக்கு. ஒரு த்ரெட் ஒரு மியூட்டெக்ஸை எடுத்து வச்சுக்கிட்டு ஒரு லிஸ்ட்டை மாத்திக்கிட்டு இருக்குன்னு வைங்க. சரியா அந்த நொடியில நிறுத்திட்டீங்க. லிஸ்ட் பாதி மாறினபடி நிக்குது. லாக் இன்னும் அதோட கையில. இப்ப டிஸ்க் டிரைவர் தன்னை அணைச்சுக்கிறதுக்கு முன்னாடி அதே லாக்கைக் கேக்குது. வச்சிருக்கிறவர் தூங்குறார், கேக்கிறவர் காத்திருக்கார். யாரும் நகர முடியாது. ஸ்டோர் ரூம் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டே சமையல்காரர் தூங்கிட்டா, மத்தவங்க கதவு முன்னாடி நிக்க வேண்டியதுதான்.

நம்மள்ல ஜாவா எழுதுறவங்களுக்கு இது தெரிஞ்ச கதையா இருக்கும். த்ரெட் க்ளாஸ்ல 'சஸ்பெண்ட்'னு ஒரு மெத்தட் இருந்தது. 1998-ல வந்த ஜேடிகே 1.2-லயே அதை யாரும் பயன்படுத்தாதீங்கன்னு ஓரங்கட்டிட்டாங்க. காரணம் இதேதான்: லாக்கோட தூங்கினா டெட்லாக்.

ஆக, வெளியில இருந்து ஒரு த்ரெட்டை நிறுத்த முடியும், ஆனா பத்திரமா நிறுத்த முடியாது. எந்த இடத்துல நின்னா ஆபத்தில்லன்னு அந்த த்ரெட்டுக்குத்தான் தெரியும். அதனால நிறுத்துறது ஒரு உத்தரவா இருந்தா பத்தாது, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒப்பந்தமா இருக்கணும்.

யூசர் ப்ராசஸ் சுலபம், கர்னல் த்ரெட் ஏன் கஷ்டம்?

க்ரோம் மாதிரி ஒரு யூசர் ப்ராசஸ் கர்னலுக்குள்ள வர்றது சிஸ்டம் கால் மூலமா. வேலை முடிஞ்சதும் திரும்பி வெளியே போகும். அந்த வாசல்படியில நிக்கும்போது அதோட கையில கர்னல் லாக் எதுவும் இருக்காது. சிக்னல் வந்திருக்கான்னு பார்க்கிற இடமும் அதே வாசல்தான். ஃப்ரீஸர் இதைத்தான் பயன்படுத்திக்குது. ஒரு போலி சிக்னலை அனுப்புது. ப்ராசஸ் அதைக் கவனிக்க வாசலுக்கு வருது. அங்கேயே "நில்லு"ன்னு பிடிச்சுக்குது. ப்ரோக்ராம் எழுதினவர் எதையும் மாத்த வேண்டியதில்ல, அவருக்கு நடந்ததே தெரியாது.

கர்னல் த்ரெட்டுக்கு அந்த வாசல் கிடையாது. அது வெளியே போறதே இல்ல. பிறந்ததுல இருந்து சாகிற வரை உள்ளேயே ஒரு லூப்ல சுத்திக்கிட்டு இருக்கும். வாசல் இல்லாத வீட்டுல வாசல்ல நிறுத்த முடியாதே. அதனால அந்த த்ரெட்டை எழுதுறவரே தன்னோட லூப்புக்குள்ள ஒரு நல்ல இடமாப் பார்த்து, "இங்க நான் நிக்கத் தயார்"னு சொல்லியாகணும். அதுக்கான ஃபங்ஷன் பேரு 'ட்ரை டு ஃப்ரீஸ்'.

அதைக் கூப்பிட்டதும், ஃப்ரீஸ் நடந்துக்கிட்டு இருக்கான்னு பார்க்கும். இல்லைன்னா அடுத்த வரிக்குப் போயிடும். ஆமான்னா உள்ளே ஒரு ஃபங்ஷனுக்குள்ள போய் உறைஞ்சு நிக்கும். அந்த ஃபங்ஷனுக்குக் கர்னல்ல வச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா? 'ரெஃப்ரிஜரேட்டர்'. சும்மா சொல்லலைங்க, சோர்ஸ் கோடைத் திறந்து பாருங்க, முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோரோட இருக்கும்.

எழுதுறவர் செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலை, விருப்பம் தெரிவிக்கிறது. 2007 வரைக்கும் எல்லாக் கர்னல் த்ரெட்டும் உறையக் கூடியதுன்னுதான் ஃப்ரீஸர் எடுத்துக்கும். ஒருத்தர் 'ட்ரை டு ஃப்ரீஸ்' போட மறந்தாலும் அவ்வளவுதான், அந்த மிஷின்ல சஸ்பெண்டே நடக்காது. அந்த வருஷம் வந்த 2.6.23-ல இதைத் தலைகீழா மாத்தினாங்க. இப்ப புதுசா பிறக்கிற கர்னல் த்ரெட் எதையும் ஃப்ரீஸர் தொடாது. தொடணும்னா அந்த த்ரெட்டே ஆரம்பத்துல 'செட் ஃப்ரீஸபிள்'னு கூப்பிட்டுப் பேர் கொடுக்கணும்.

ரெண்டாவது வேலை, இடம் பார்க்கிறது. கையில லாக் இருக்கக் கூடாது, பாதி வேலை தொங்கக் கூடாது. பொதுவா லூப்போட தலைப்பகுதிதான் இதுக்குத் தோது: போன சுத்து முடிஞ்சது, அடுத்தது ஆரம்பிக்கல.

மூணாவது, முழிச்சதும் திரும்பக் கேக்கணும். த்ரெட் ஏதோ ஒரு வேலைக்காகக் காத்துத் தூங்கிக்கிட்டு இருக்கும்போது ஃப்ரீஸர் வந்து எழுப்புது, ஃப்ரிட்ஜுக்குள்ள போகச் சொல்லுது. பிறகு வெளியே வந்ததும், "என்னை எழுப்பினாங்க, அப்ப வேலை வந்திருக்கு"ன்னு நினைச்சு இல்லாத வேலையைச் செய்யப் போகக் கூடாது. வேலை நிஜமா வந்திருக்கான்னு மறுபடி பார்க்கணும். இதைக் கையால எழுதினா எங்கேயாவது கோட்டை விடுவோம்னுதான் 'வெய்ட் ஈவெண்ட் ஃப்ரீஸபிள்'னு ஒரு ரெடிமேட் மேக்ரோ வச்சிருக்காங்க. காத்திருக்கிறது, உறையிறது, திரும்பப் பார்க்கிறது மூணையும் அதுவே கவனிச்சுக்கும்.

இதுக்கு ஜேபிடி2 த்ரெட்டோட கோடு ஒரு அருமையான உதாரணம். அதோட லூப் ஓடும்போது ஜர்னலோட நிலையைப் பாதுகாக்கிற லாக் கையில இருக்கும். ஃப்ரீஸ் வந்திருக்குன்னு தெரிஞ்சதும் முதல்ல அந்த லாக்கை விடுது. அப்புறம் 'ட்ரை டு ஃப்ரீஸ்'. முழிச்சு வந்ததும் லாக்கைத் திரும்ப எடுக்குது. மூணே வரி.

அதுக்கு மேல இருக்கிற கமெண்ட்தான் இன்னும் சுவாரசியம். தூங்கப் போறதுக்கு முன்னாடி ஜர்னலை ஒரு தடவை டிஸ்க்ல எழுதி முடிச்சுடலாமேன்னு நமக்குத் தோணும். வேண்டாம்ங்குது அந்தக் கமெண்ட். ஏன்னா அப்படி எழுதுறதுக்கு வேற த்ரெட்களோட உதவி வேணும், அவங்க ஏற்கெனவே உறைஞ்சிருக்கலாம். உதவி வராது, இதுவும் தூங்க முடியாது. அதனால எளிமையா நின்னுடுறதே நல்லது. நல்ல பிள்ளையா கடைசி வேலையை முடிச்சுட்டுப் போறேன்னு கிளம்பினா, மொத்தக் குடும்பத்தையும் நடுத்தெருவுல நிறுத்தின மாதிரி ஆயிடும்.

கேவொர்க்கர்களுக்கு வேற வழி. அங்க ஒவ்வொரு வேலையும் சின்னச் சின்னத் துண்டு. உறையக் கூடிய வொர்க்க்யூன்னு குறிச்சு வச்சிருந்தா, ஃப்ரீஸர் அதுல புது வேலையைத் தொடங்க விடாது, கையில இருக்கிறது முடியட்டும்னு காத்திருக்கும். ஒரு வேலை முடியிற இடமே பத்திரமான இடம்.

யாரை முதல்ல தூங்க வைக்கிறது?

வரிசை ரொம்ப முக்கியம். ராத்திரி மெஸ் மூடுறதைக் கவனிச்சிருக்கீங்களா? முதல்ல ஷட்டரைப் பாதி இறக்கிடுவாங்க. புது ஆள் உள்ளே வர முடியாது. உட்கார்ந்திருக்கிறவங்க சாப்பிட்டுக் கிளம்புவாங்க. அதுக்கப்புறம்தான் அடுப்பை அணைச்சு மாஸ்டரை அனுப்புவாங்க. மாஸ்டரை முதல்ல அனுப்பிட்டா, தோசைக்குக் காத்திருக்கிறவர் விடிய விடிய இலைக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கணும்.

கர்னலும் அதேதான் செய்யுது. முதல்ல யூசர் ப்ராசஸ்கள், அடுத்து கர்னல் த்ரெட்கள், அதுக்கப்புறம் டிவைஸ்கள். ஒரு யூசர் ப்ராசஸ் டிஸ்க்ல இருந்து பதில் வரும்னு கர்னலுக்குள்ள காத்திருக்கலாம். அந்தப் பதிலைக் கொண்டு வர்ற த்ரெட் முழிச்சிருந்தாத்தான் ப்ராசஸ் வாசலுக்கு வரும், உறையும். ஹைபர்னேட்ல இன்னும் ஒரு நுணுக்கம்: யூசர் ப்ராசஸ்களை உறைய வச்சதும் நேரா கர்னல் த்ரெட்களுக்குப் போறதில்ல. நடுவுல இமேஜுக்கான மெமரியைக் காலி பண்ணி ஒதுக்கிக்கிறாங்க. கேஸ்வாப்டி மாதிரி ஆட்கள் முழிச்சிருக்கும்போதே அந்த வேலையை முடிச்சுடறது நல்லதுதானே.

தூங்க மறுத்தா?

ஃப்ரீஸர் எல்லாருக்கும் கொடுக்கிற நேரம் 20 விநாடி. அதுக்குள்ள ஒருத்தர் உறையலைன்னாலும் முயற்சியைக் கைவிட்டு, உறைஞ்சவங்களை எழுப்பிவிட்டு, சஸ்பெண்ட் நடக்கலைன்னு பிழையைத் திருப்பித் தரும். மிஷின் முழிச்சே இருக்கும். பைக்குள்ள கொதிக்கிற லேப்டாப்போட ரகசியங்கள்ல இது ஒண்ணு.

இது பெரும்பாலும் எப்ப நடக்கும்? ஒரு ப்ராசஸ் எந்த சிக்னலுக்கும் அசையாத தூக்கத்துல மாட்டிக்கும்போது. 'பிஎஸ்' லிஸ்ட்ல 'டி' எழுத்தோட தெரியும். நெட்வொர்க் டிரைவை மவுண்ட் பண்ணி வச்சிருக்கீங்க, வைஃபை போயிடுச்சு, ப்ராசஸ் வராத பதிலுக்குக் காத்திருக்கு. அதால வாசலுக்கு வர முடியாது. ஃப்யூஸ் ஃபைல் சிஸ்டம் இதைவிட வேடிக்கை. அங்க ஃபைல் சிஸ்டமே ஒரு யூசர் ப்ராசஸ். அது முதல்ல உறைஞ்சிடுச்சுன்னா, அதுகிட்ட ஃபைல் கேட்டுக் காத்திருக்கிற இன்னொரு ப்ராசஸுக்குப் பதில் சொல்ல ஆளில்ல. மெஸ்ல சாப்பிட வந்த ரெண்டு பேர்ல ஒருத்தரே சமையல்காரர்னா ஷட்டரை எந்த வரிசையில இறக்குவீங்க? யூசர் ப்ராசஸ்களுக்குள்ள யார் யாரை நம்பியிருக்காங்கன்னு ஃப்ரீஸருக்குத் தெரியாது. டெவலப்பர்களுக்கு இது ரொம்ப நாள் தலைவலி.

உங்க மிஷின்ல இதுதான் பிரச்சினையான்னு பார்க்க 'டிமெசேஜ்' லாக்கைத் திறங்க. "ஃப்ரீஸிங்"னு ஆரம்பிக்கிற வரிகளைத் தேடுங்க. தோத்திருந்தா எத்தனை டாஸ்க் மறுத்ததுன்னு எண்ணிக்கையும், அதுக்குக் கீழே மறுத்தது யாரு, எந்த ஃபங்ஷன்ல நிக்குதுன்னு ஸ்டாக் விவரமும் இருக்கும். டீபக் வசதியோட பில்ட் ஆன கர்னல்னா இன்னொரு வழியும் இருக்கு. சிஸ் டைரக்டரிக்குள்ள பவர்ங்கிற இடத்துல 'பிஎம் டெஸ்ட்'னு ஒரு ஃபைல். அதுல 'ஃப்ரீஸர்'னு எழுதிட்டு சஸ்பெண்ட் கொடுத்தா, உறைய வைக்கிறதை மட்டும் செஞ்சு பார்த்து, 5 விநாடி நின்னு, திரும்ப எழுந்திடும். 20 விநாடிங்கிற கெடுவையும் அதே டைரக்டரியில மாத்தலாம். ஆனா கெடுவைக் கூட்டினா பிரச்சினை தீராது, காத்திருக்கிற நேரம்தான் கூடும்.

இதெல்லாம் வேணுமான்னே ஒரு சண்டை

கர்னல் த்ரெட்களை உறைய வைக்கிறது சரியான வழியாங்கிறதே பல வருஷமா விவாதத்துல இருக்கு. லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது பிடிக்கல. கர்னல் த்ரெட்களை உறைய வைக்க வேண்டியதே இல்லைன்னு அவர் வாதாடினது கர்னலோட ஃப்ரீஸர் டாக்குமெண்ட்லயே இருக்கு. நியாயம் இருக்கு. சாதாரண சஸ்பெண்ட்ல இமேஜ் எடுக்கிறதே இல்ல. அப்ப ஃபைல் சிஸ்டம் கெடுற பயமும் அதே அளவுக்கு இல்ல. டிவைஸ் அணைஞ்சிருக்கும்போது வர்ற கோரிக்கைகளை டிரைவரே தடுத்து நிறுத்தி வைக்கலாமே?

2015-ல கர்னல் டெவலப்பர்கள் கூட்டத்துல ஜிரி கொசினா இதை இன்னும் அழுத்தமா கிளப்பினார். பல டிரைவர்கள் தேவையே இல்லாம, வேற கோடைப் பார்த்துக் காப்பியடிச்சு ஃப்ரீஸர் வரிகளைப் போட்டு வச்சிருக்காங்க. நாம உண்மையில காப்பாத்த நினைக்கிறது ஃபைல் சிஸ்டத்தை. அப்படின்னா ஃபைல் சிஸ்டத்தையே முறையா நிறுத்தினா போதும், அதைத் தொடக் கூடிய ஒவ்வொரு த்ரெட்டையும் தேடிப் பிடிக்க வேண்டாம். குடோன் கதவைப் பூட்டிட்டா ஒவ்வொரு ஆளையும் கட்டிப் போட வேண்டிய அவசியம் என்ன? இந்தத் திசையில வேலை இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

நடுவுல ஃப்ரீஸரும் மேம்பட்டிருக்கு. 2022 டிசம்பர்ல வந்த 6.1 கர்னல்ல பீட்டர் ஸைல்ஸ்ட்ரா அதோட மையத்தைத் திரும்ப எழுதினார். இப்ப உறைஞ்ச நிலைங்கிறது ஷெட்யூலருக்கே தெரிஞ்ச ஒரு தனி நிலை. வழியில போற ஏதோ ஒரு எழுப்பல் தவறுதலா உறைஞ்சவரைக் கிளப்பிவிட முடியாது. "நான் தூங்குற இந்த இடத்துலயே என்னை உறைய வைக்கலாம்"னு த்ரெட் முன்கூட்டியே குறிச்சும் வைக்கலாம். தூங்குறவரைத் தட்டி எழுப்பி "போய்த் தூங்கு"ன்னு சொல்ற கூத்து இதுல மிச்சம். லாக்கோட யாராவது உறைஞ்சா, லாக் சோதனை வசதியை ஆன் பண்ணின கர்னல் உடனே எச்சரிக்கை கொடுக்கும்.

நமக்கு இதுல என்ன இருக்கு?

நம்மள்ல முக்கால்வாசிப் பேர் கர்னல் கோடு எழுதப் போறதில்ல. ஆனா இதே பிரச்சினை நம்ம வேலையில வேற சட்டை போட்டுக்கிட்டு வருது. குபர்னெட்டீஸ் ஒரு பாட்டை நிறுத்தும்போது முதல்ல ஒரு சிக்னலை அனுப்பி, வேற எதுவும் நாம சொல்லலைன்னா 30 விநாடி காத்திருக்கும். நம்ம சர்வீஸ் அதுக்குள்ள ஒழுங்கா நிக்கலைன்னா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். பாதியில நின்ன பேமென்ட், பாதி எழுதின ஃபைல், விடாத டேட்டாபேஸ் லாக் எல்லாம் அங்கதான் பிறக்குது.

அடுத்த தடவை ஒரு பேக்ரவுண்ட் வொர்க்கர் எழுதும்போது ஜேபிடி2-வோட அந்த மூணு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. உங்க லூப்ல எந்த இடத்துல நின்னா யாருக்கும் கேடில்ல? அங்க நிக்கும்போது கையில என்ன இருக்கு? நீங்க நம்பியிருக்கிறவர் உங்களுக்கு முன்னாடியே தூங்கிட்டா என்ன ஆகும்? இந்த மூணுக்கும் கோடு எழுதும்போதே பதில் இருந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் அடிக்கிறது கொஞ்சம் குறையும்.

லேப்டாப் சூடாகுற கேஸ் உங்ககிட்ட இருந்தா, இன்னைக்கே 'டிமெசேஜ்'ல அந்த "ஃப்ரீஸிங்" வரிகளைத் தேடிப் பாருங்க. யாரு தூங்கலைன்னு கண்டுபிடிச்சா எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.